கோமளவல்லி ஏறிய கார்

உத்திரமேரூர் பாண்டுரங்கன் வீட்டில் அன்று காலை நாஷ்டா முடிந்ததும், கல்யாணத்துக்கு யார் யார் எதில் போவது என்ற பேச்சு தொடங்கியது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வசந்தகுமாரிக்கு வாலாஜாபாத்தில் முகூர்த்தம். பட்டுத் தறி வைத்து முன்னுக்கு வந்த குடும்பம் என்பதால் சொந்தமாக ஒரு பழைய அம்பாசடர் கார் இருந்தது. பெண்ணும் பெற்றவர்களும் காரில், உறவுக்காரர்கள் வேனில் என்று முடிவாயிற்று. பாண்டுரங்கனின் அக்கா கோமளவல்லிக்கு மட்டும் பஸ்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போன மாதம் சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போகும்போது, பழையசீவரம் மலைக்கோயில் கண்ணில் படும் இடத்தில் கார் நின்றுபோனது. கணவனை இழந்த கோமளவல்லி காரில் இருந்ததுதான் காரணம் என்றாள் பாண்டுரங்கனின் மனைவி ஆதிலட்சுமி. அவளை இறக்கிவிட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் கார் கிளம்பிப் போய்விட்டது. கோமளவல்லி புழுதியில் நின்று, வந்த பஸ்ஸில் ஏறித் தனியாக வீடு திரும்பினாள்.

அடுத்த வாரம் அவள் இல்லாமலே பெருநகர் போகும் வழியில் கார் நின்றது. அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. புறப்படும்போது அவள் எதிரே வந்தாளாம்! ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டால் சாட்சிக்கா பஞ்சம்?

"அத்தே ஏறாத கார்ல நானும் ஏற மாட்டேன்," என்றாள் வசந்தகுமாரி. அவளைப் பிறந்த நாளிலிருந்து இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அந்த அத்தைதான்.

"வாயை மூடுடீ. நடு ரோட்டுல வண்டி நின்னு முகூர்த்தம் தப்பிப் போச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்று சீறினாள் ஆதிலட்சுமி. பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். மனைவியை எதிர்க்கவும் தைரியமில்லை, அக்காவின் முகத்தைப் பார்க்கவும் தைரியமில்லை.

கோமளவல்லி அழவில்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காக்கிப் பையை எடுத்து வந்தாள். அவளுடைய கணவர் தங்கவேலு அரிசி மில் லாரி ஓட்டியவர். லாரியில் எந்தக் கோளாறு வந்தாலும் வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டிவிடுவார். ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தவள் இவள். அவர் போன பிறகு அந்தப் பையை இன்றுதான் திறக்கிறாள்.

"கார் இன்னாத்துக்கு நிக்குதுன்னு நான் பாக்கறேன். என்னாலதான் நிக்குதுன்னா நானே பஸ்ல போறேன்," என்றாள்.

டிரைவர் சாமுவேல் தயங்கினான். "மெக்கானிக் பிளக் மாத்திட்டாரும்மா, காயிலும் மாத்திட்டாரு. அவருக்கே பேஜாரா கீது."

"நிக்கறப்ப பட்டுன்னு நின்னுச்சா, விக்கி விக்கி நின்னுச்சா?"

"விக்கி விக்கிதாம்மா நின்னுச்சு."

"கரண்டு கோளாறுன்னா பட்டுன்னு நிக்கும். விக்கி நிக்குதுன்னா பெட்ரோல் வந்து சேரலைன்னு அர்த்தம். வண்டிய ஸ்டார்ட் பண்ணி மிதிச்சிக்கினே இரு, சூடு ஏறட்டும்."

சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வைகாசி வெயில் காரின் மேல் தகித்தது. முக்கால் மணி நேரம் உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் இரண்டு தடவை விக்கியது, மூன்றாவது விக்கலில் அடங்கியது.

"பாத்தீங்களா! ஏறி உக்காந்தாங்க, நின்னுபோச்சு!" என்று ஆதிலட்சுமி கற்பூரத் தட்டோடு ஓடி வந்தாள்.

"பெட்ரோல் பைப்பைக் கழட்டப் போறேன், நெருப்ப எடுத்துக்கினு வர்றியே! தட்ட உள்ள கொண்டுபோய் வை ஆதி!" கோமளவல்லியின் அதட்டலில் அவள் தட்டோடு உள்ளே ஓடினாள்.

கார்புரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி அதன் வாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டாள். சாவியைத் தொடாமல், காரின் முன்னால் ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றச் சொன்னாள். சாமுவேல் மூச்சு வாங்கச் சுற்றியும் சொட்டுச் சொட்டாகத்தான் பெட்ரோல் வந்தது. டேங்கிலிருந்து வரும் பைப்பில் அடைப்போ என்று அதையும் பிரித்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். பின்னால் டேங்குக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. வழி சுத்தமாகத்தான் இருந்தது.

"இப்ப யாரும் எதையும் தொடாதீங்க. எலுமிச்சம்பழம் வாணாம், தேங்கா வாணாம். அரை மணி சும்மா இருங்க."

அரை மணி கழித்து மறுபடி ஹேண்டில் சுற்றினான் சாமுவேல். ஒவ்வொரு சுற்றுக்கும் பீச்சிக்கொண்டு வந்து பாட்டில் நிறைந்தது. பைப்புகளை முடுக்கிவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள் கோமளவல்லி.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

அவள் உள்ளே இருக்கும்போதே கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. வசந்தகுமாரி கைதட்டினாள்.

"டேங்குலேந்து பெட்ரோல இழுக்கற பம்ப்பு சூடானா இழுக்கல, ஆறினா இழுக்குது. அன்னிக்கும் இதான் நடந்துச்சு. கற்பூரம் வண்டிய கெளப்பல. நீங்க அத ஏத்தி முடிக்கறதுக்குள்ள பம்ப்பு ஆறிடுச்சு," என்றாள் கோமளவல்லி.



அன்றே இன்ஜின் பக்கவாட்டில் இரண்டே போல்ட்டில் நின்ற பம்ப்பைக் கழற்றி, சாமுவேல் கையில் கொடுத்துக் காஞ்சிபுரம் அனுப்பினாள். மறுநாள் அவன் அதே மாதிரி புதிய பம்ப்பும் அதற்கு அடியில் வைக்கும் பேக்கிங்கும் வாங்கி வந்து மாட்டப் பார்த்தான். உட்காரவில்லை. ஸ்பானரை வைத்து முரட்டுத்தனமாக முடுக்கப் போனவனைத் தடுத்தாள். "உள்ள அதோட கைய தள்ற மேடு எக்கிக்கினு நிக்குது. முடுக்கினா ஒடஞ்சிடும். ஹேண்டில பாதி சுத்து, மேடு எறங்கிடும்." சுற்றினான். பம்ப்பு தானாகப் போய் அமர்ந்தது. தன் கையாலேயே இரண்டு போல்ட்டையும் முடுக்கினாள். சாமுவேல் அவளை மெக்கானிக்கம்மா என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான்.

பிறகு பழைய பம்ப்பைப் பிரித்துத் தம்பியிடம் காட்டினாள். பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் துணியில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. பாண்டுரங்கன் அதை விரலால் தடவிப் பார்த்தார். இத்தனூண்டு வெடிப்புக்காகவா கூடப் பிறந்தவளை நடு ரோட்டில் இறக்கிவிட்டோம் என்று அவருக்குக் கண் கலங்கியது. "தப்பு பண்ணிட்டேன்க்கா," என்றார். அன்று மத்தியான வெயிலிலேயே அவளை ஏற்றிக்கொண்டு பழையசீவரம் வரை போய் வந்தார்கள். கார் எங்கும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எல்லோரும் புறப்பட்டு வாசலில் நின்றார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது சுமங்கலி ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வருவது அந்த வீட்டு வழக்கம். ஆதிலட்சுமி குடத்தை எடுத்துக்கொண்டு நேராக நாத்தனாரிடம் வந்தாள்.

"நீங்களே எதிர்ல வாங்க அண்ணி. உங்க கை பட்டுத்தான் இந்த வண்டி ஓடுது. அன்னிக்கு நான் பேசினத மனசுல வெச்சிக்காதீங்க."

கோமளவல்லி குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "மனசுல வெச்சிக்கல ஆதி. ஆனா நேத்து வரைக்கும் கெட்ட சகுனம், இன்னிக்கு நல்ல சகுனமா? ரெண்டும் எனக்கு வாணாம். மனுஷின்னு நெனச்சி உக்கார ஒரு எடம் குடு."

பாண்டுரங்கன் முன்கதவைத் திறந்துவிட்டார். கோமளவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலைக்கோயில் தெரிந்ததும் சாமுவேல் பழைய பயத்தில் வேகத்தைக் குறைத்தான். "இன்னாத்துக்கு மெதுவா போறே? மிதி," என்றாள் அவள். பின்னாலிருந்து கல்யாணப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாலாஜாபாத்தில் சம்பந்தி ஓடி வந்து காரின் கதவைப் பிடித்தார். "வழியில எங்கியும் நிக்கலியே? அன்னிக்கு மாதிரி ஆயிடுமோன்னு பயந்துகினே இருந்தோம்."

பாண்டுரங்கன் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நிக்காதுங்க. இவங்க எங்க அக்கா. ஊரு மெக்கானிக்குக்குப் புடிபடாத கோளாற வூட்டு வாசல்லயே கண்டுபுடிச்சி, பம்ப்ப மாத்தினவங்க. வண்டியில பழுதுன்னா வண்டியிலதான் தேடணும். புருஷன் இல்லாத பொம்பள தலையில அத எறக்கி வெச்சோம் பாருங்க, பெரிய பழுது எங்க புத்தியிலதான் இருந்துச்சு. அதையும் எங்க அக்காதான் சரி பண்ணாங்க."