வெள்ளி இரவின் கிரகணம்

பேராசிரியர் சேஷுவின் பேரும் புகழும் ஒரு சந்திர கிரகணத்தின் மேல் நின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாக்தாத் வானியல் அறிஞர் ஒருவர், வெள்ளி இரவு கிரகணம் பார்த்ததாக அரபியில் எழுதிவைத்திருந்தார். கணக்குப் போட்டால் அது வியாழன் இரவே முடிந்துவிட்டது. ஆகவே மனிதர் பார்க்காததைப் பார்த்ததாகப் புளுகினார் என்று சேஷு புத்தகம் போட்டார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இஸ்லாமிய அறிவியல் வரலாறு என்றால் திருச்சியில் சேஷுதான்.

அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பானுப்ரியா மருங்காபுரிப் பெண். பாலக்கரையில் ஒரு முஸ்லிம் வீட்டு மாடியில் குடியிருந்தாள். ஒரு வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கார அம்மாள், "வெள்ளி ராவு வந்துருச்சு, யாசீன் ஓதணும்" என்று குர்ஆனை எடுத்துக்கொண்டு எழுந்து போக, இவளுக்குப் பொறி தட்டியது. ஒரே வாரத்தில் அதை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் சேஷுவின் வீட்டுக்கு ஓடினாள்.

"சார், அவங்களுக்கு நாள் அஸ்தமனத்துல ஆரம்பிக்குது. வெள்ளி இரவுன்னா நம்ம வியாழன் ராத்திரிதான். அந்த மனுஷன் பொய் சொல்லலை சார்."

பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்தில் பிறந்து, சூரியன் உதித்தால்தான் நாள் என்று வளர்ந்தவர் சேஷு. அரபியைக் கரைத்துக் குடித்தும் இது மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை. அவள் சொன்னது சரி என்று உடனே தெரிந்தது. அதனால்தான் அத்தனை கோபம் வந்தது.

"அந்த அத்தியாயத்தை எடுத்துடு. என் புஸ்தகத்துல இருக்கறதையே போடு. இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது."

அழுது பார்த்தாள். அவர் மசியவில்லை. எடுத்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வன்று அவளுடைய அப்பா மருதை, சமயபுரத்தில் அர்ச்சனை முடித்து, மஞ்சள் பையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். வெளியூர்த் தேர்வாளர் ஜெபராஜ் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"என்னம்மா இது? வெள்ளி இரவுன்னா வியாழன் ராத்திரி. இதுகூடத் தெரியாம அரபி படிச்சீங்களா?"

பானுப்ரியா சேஷுவைப் பார்த்தாள். சேஷு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது என்னோட பழைய தப்பு, சார். திருத்திடும்மான்னு தலைபாடா அடிச்சிண்டேன். இவ கேக்கலை."

ஜெபராஜ் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தன் தப்பைச் சபையில ஒத்துக்கற மனசு யாருக்கு வரும்!" பட்டம் இப்போது இல்லை, முழுதும் திருத்தி வா என்று ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்தார். திருத்தினாலும் கையெழுத்துப் போட வேண்டியவர் சேஷுதான். பானுப்ரியா ஆய்வேட்டை வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் மருதை முன்னால் வந்து கும்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. படிச்ச திமிரு. பெரியவங்க பேச்சக் கேக்க மாட்டேங்குது." மகள் பக்கம் திரும்பினார். "என்ன நிக்கிற? சார் கால்ல விழு."

விழுந்தாள்.

"க்ஷேமமா இரும்மா" என்றார் சேஷு.