பன்றி முத்திரை

"இருக்கிறதிலேயே சுலபமான இடம் எது?"

"பன்றிக் கோயில். நாற்பது நிமிஷ நடை. குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டே போயிடலாம். போன வாரம் ஒரு பசுமாடு தனியா போயிட்டு வந்துச்சு."

"மாட்டுக்கு முத்திரை கிடைச்சுதா?"

"கையேடு கொண்டு போகலை. அதனால இல்லை."

"அப்ப அதை நான் கடைசியா வச்சுக்கிறேன்."

ஐந்து வருடங்களுக்கு முன் சுற்றுலா அலுவலக மேசைக்கு இருபுறமும் நின்று பேசிய பேச்சு. மேசைக்கு உள்பக்கம் நின்று பதில் சொன்ன நோட்புர்காவுக்கு ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. அவளை ஊரில் எல்லோரும் புர்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று கேள்வி கேட்டவர் ஓன்னோ. வடகடல் ஓரத்து ஊர்க்காரர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். "எங்க ஊர்ல மலைன்னா கடலுக்குப் போட்ட கரைதான். அதுல ஆடு மேயும்" என்று சொல்லிக்கொண்டே கையேட்டை வாங்கிப் போனார்.

கையேட்டில் இருபத்துநான்கு கட்டங்கள். பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள சிகரம், ஏரி, அருவி, மேய்ச்சல் குடில் ஒவ்வொன்றிலும் ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு முத்திரை. நடந்து போய்க் குத்திக்கொள்ள வேண்டும். இருபத்துநான்கும் நிறைந்தால் தங்கப் பதக்கம். மாடுகள் மலையிலிருந்து இறங்கும் திருவிழாவில், வாத்தியக் குழு முழங்க, ஊர்த்தலைவர் தன் கையால் அதைச் சட்டையில் குத்திவிடுவார்.

ஓன்னோ இரண்டே வருடத்தில் இருபத்துமூன்றை முடித்துவிட்டார். உள்ளூர்க்காரர்களே கம்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற ஓநாய்க்கொம்புச் சிகரம்கூட முடிந்தது. பன்றிக் கோயில் மட்டும் பாக்கி. அந்தோணியார் கோயில் என்பதுதான் அதன் சரியான பெயர். ஆனால் முத்திரையில் அந்தோணியார் இல்லை. அவர் காலடியில் படுத்திருக்கும் பன்றி மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் வருடம் மழை என்றார். நான்காம் வருடம் முட்டி வலி என்றார், அன்று காலையில்தான் பனியாறு வரை நடந்து திரும்பியிருந்தும். ஐந்தாம் வருடம், "கோயில் பக்கம் குளவி இருக்காமே?" என்று கேட்டார்.

குளவி எதுவும் கிடையாது. "ஆமா, பெரிய குளவி. போகாதீங்க" என்று புர்கி முகம் மாறாமல் சொன்னாள்.

மணவாழ்க்கை முறிந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது அவளுக்கு. தனிமை பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அவர் வரும் ஒவ்வொரு செப்டம்பரிலும் அலுவலகக் கதவு மணி அடிக்கும்போது தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்கிறோம் என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. மாதக் கடைசியில் அவரை வழியனுப்பப் பேருந்து நிலையம் வரை போய், "அடுத்த வருஷமும் வாங்க" என்பாள். அலுவலகச் சுவரொட்டியில் அச்சடித்திருக்கும் வாசகம் அது. அவள் சொல்ல நினைத்தது வேறு. அது அந்த வாசகத்துக்குப் பின்னாலேயே ஒவ்வொரு வருடமும் நின்றுவிடும்.

பன்றிக் கட்டம் காலியாக இருக்கும்வரை பரவாயில்லை. அவர் வருவார்.

ஆறாவது வருடமான இந்த வருடம், திருவிழாக் காலையில், உடன் வேலை பார்க்கும் வ்ரோனி முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரு நல்ல காரியம் பண்ணிட்டேன். அந்த வடகடல்காரர் கையேட்டைச் சரிபார்க்கக் குடுத்திருந்தார்ல? பாவம், ஆறு வருஷமா ஒரு பன்றிக்காக அலையறார். நம்ம அலமாரியில மாத்து முத்திரை இருந்துச்சு. குத்திட்டேன்! தலைவர்கிட்டயும் குடுத்தாச்சு. இன்னைக்கு அவருக்குப் பதக்கம்."

புர்கி சட்டென்று திரும்பினாள். "யாரைக் கேட்டுக் குத்தினே?"

"இதுக்குப் போய் யாரைக் கேக்கணும்? சந்தோஷப்படுவார்க்கா!"

திட்டவும் முடியவில்லை. திட்டினால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும்.

பத்து மணிக்கு மாடுகள் இறங்கின. இந்தக் கோடையில் ஒன்றுகூட மலையில் தவறி விழவில்லை. அதனால் எல்லாத் தலையிலும் பூக்கிரீடம். மணிச்சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. சதுக்கத்தில் பொரித்த ரொட்டியும் புளித்த முட்டைக்கோஸும் மணந்தன. புர்கி விழா உடையின் முடிச்சை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடையருகே நின்றாள்.

ஊர்த்தலைவர் காஸர், ஓன்னோவின் பெயரை முழங்கினார். ஒன்றும் புரியாமல் கையில் ரொட்டியுடன் மேடையேறினார் ஓன்னோ.

"ஆறு வருஷம்! ஒரு பன்றிக்காக!" என்றார் காஸர். கூட்டம் சிரித்தது. "இனிமே இந்தப் பள்ளத்தாக்குல நீங்க பார்க்கறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லய்யா!"

காஸர் நீட்டிய கையேட்டை ஓன்னோ புரட்டினார். கடைசிப் பக்கத்தில் பன்றியைப் பார்த்ததும் அவர் முகம் வாடியதைப் புர்கி பார்த்தாள். அவர் நிமிர்ந்து கூட்டத்தில் தேடினார். தேடியது அவளைத்தான்.

"மன்னிக்கணும்" என்றார். "இது என் பன்றி இல்லை. நான் அங்க போனதே இல்லை."

வாத்தியக் குழுவில் பெரிய ஊதுகுழலை வாசித்தவர் பாதியில் நிறுத்தினார். இந்த ஊர் பலதையும் மன்னிக்கும். ஏறாத மலையை ஏறியதாகக் காட்டுவதை மட்டும் மன்னிக்காது. வ்ரோனி காது வரை சிவந்து, "நான்தான் குத்தினேன். அவருக்குத் தெரியாது" என்றாள்.

காஸர் மீசையைத் தடவினார். பேனாவை எடுத்துப் பன்றியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "சரி. நாற்பது நிமிஷ வழிதானே? இப்பவே போயிட்டு வாங்க. பீர் தீர்ற வரைக்கும் காத்திருக்கோம். ஆனா சாட்சி வேணும். புர்கி, நீ கூடப் போ."

"ஆபீஸை யார் பார்த்துக்கறது?"

"ஊரே இங்க நிக்குது. யாரு வரப்போறா, மாடா?"

கூட்டம் மறுபடி சிரித்தது. குழு நடைப்பாட்டை வாசிக்க, இருவரும் ஊரே பார்க்கக் கோயில் பாதையில் ஏறினார்கள்.

முதல் வளைவு தாண்டிய பிறகுதான் புர்கிக்கு உறைத்தது, ஆறு வருடத்தில் அவர் பக்கத்தில் நடப்பது இதுதான் முதல் தடவை என்று. எப்போதும் நடுவில் மேசை இருந்தது. இலை உதிர்க்கும் வகை ஊசியிலை மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. கீழே ஊர்த் தேவாலயக் கோபுரம் தன் வெங்காய வடிவத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"குளவி எங்க?" என்றார் ஓன்னோ.

"செத்துப்போச்சு."

"ஐயோ. எப்ப?"

"இப்பத்தான். வருத்தத்துல."

அவர் சத்தமாகச் சிரித்தார். சிறிது தூரம் போனதும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அடுத்த வளைவிலும் கட்டினார். அதற்கடுத்ததிலும்.

"மூணாவது தடவை" என்றாள் புர்கி.

"வடகடல் கயிறு. மலைக்காத்து ஒத்துக்கலை."

"ஓநாய்க்கொம்புல ஒத்துக்கிச்சே?"

அவர் காதுமடல் சிவந்தது. புர்கி திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை.

நாற்பது நிமிடப் பாதைக்கு ஒரு மணி நேரம் ஆனது. கோயில் என்றால் ஒரு பெரிய அலமாரி அளவுதான். வெள்ளைச் சுவர், பலகைக் கூரை, வாசலில் ஒரு பெஞ்சு. பெட்டியைத் திறந்து ஓன்னோ முத்திரையை எடுத்தார். மையில் அமுக்கினார். கோடு போட்ட பன்றிக்குப் பக்கத்தில் மீதமிருந்த இடத்துக்கு மேலே பிடித்தார். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மை காயுது" என்றாள் புர்கி.

"குத்திட்டா முடிஞ்சுடும்."

"ஆமா."

"அடுத்த வருஷம் என்ன சொல்லிட்டு வர்றதுன்னு யோசிக்கிறேன். முட்டி வலின்னு சொல்லியாச்சு."

கீழிருந்து நடைப்பாட்டு மேலேறி வந்தது. மூன்றாவது முறையாக அதே பாட்டு. இத்தனை நேரம் வாசிக்கக் குழுவுக்கு வேறு பாட்டு இல்லை. 'அடுத்த வருஷமும் வாங்க' என்ற வாசகம் பழக்கத்தில் புர்கியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். முத்திரையைப் பிடித்திருந்த அவர் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். பன்றி கோணலாக, வாலைத் தூக்கிக்கொண்டு விழுந்தது.

கையை அவள் எடுக்கவில்லை.

"ஓன்னோ, அடுத்த வருஷம் வராதீங்க."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"எங்க வீட்டு பியானோ பதினோரு வருஷமா சுருதி கெட்டுக் கிடக்கு" என்றாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "சேச்சே, அதுக்காக இல்லை. அது கிடக்கட்டும். எனக்காக. இந்தத் தடவை பஸ் ஏறாதீங்க. இங்கயே, என்கூட இருந்துடுங்க."