என் மகள் டிவியில் வந்த அன்று

அல்ஜீரியாவின் பெஜாயா துறைமுகத்தில் என் மகள் தஸ்ஸாதித் கிரேன் ஓட்டுகிறாள். அதைப் பற்றிப் பேச டிவிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு நேரடி ஒளிபரப்பு, மறுபடி போடமாட்டார்கள்.

பத்தேகாலுக்குத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது. கட்டடத்துப் பெண்கள் பாதிப் பேர் எங்கள் வீட்டில் காபியோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் டிவிக்குக் கீழிருந்த டிஷ் பெட்டியைத் தட்டினேன், வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். கீழ்வீட்டு பெலாயித்தான் மொட்டைமாடியில் வயரை அறுத்திருப்பான் என்று அவன் பெண்டாட்டி எதிரிலேயே சொன்னேன். அவள் காபியைக் கீழே வைக்கவில்லை.

என் மனைவி வர்தியா டிஷ் பழுது பார்க்கும் ஹொசினை வரவழைத்தாள். நல்ல பெட்டியைக் கெட்டது என்பான் என்று அவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கிளப்பியவன் நான்தான்.

ஹொசின் வந்து, டிவிக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த வயரைக் கழற்றித் தன் வயரை மாட்டினான். ரிமோட்டை அழுத்தியதும் பெட்டியின் சேனல் பட்டியல் பளிச்சென்று வந்தது. படம் மட்டும் வரவில்லை.

“டிவி, பெட்டி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு ஹாஜி. மேலேர்ந்துதான் ஒண்ணும் வரல.”

“என் பழைய வயர் எங்கடா?”

“உங்க கையில.”

மாடிக்கு ஏறினோம். எங்கள் டிஷ்ஷுக்கு நேர் முன்னால் வர்தியா தன் கையால் நெய்த கம்பளிக் கம்பளம் சொட்டச் சொட்டத் தொங்கியது. ஈரக் கம்பளியைத் தாண்டி சிக்னல் வராதாம். யார் இங்கே போட்டது என்று கேட்டான். விடியற்காலையில் நாலு மாடி சுமந்து வந்து போட்டவன் நான். கம்பளத்தை மாற்றிப் போட வேறு கயிறு தேடினேன்.

மற்றக் கயிறுகளில் இடமில்லை. தரையெல்லாம் கடற்காக்கை எச்சம். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம். ஹொசின் கம்பளத்தை ஓரமாகச் சுருட்டித் தள்ளி, பாதி பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

“கீழ விழுந்துச்சுன்னா வர்தியா என்னைத்தான் கொல்லுவா,” என்றேன்.

“பொண்ணு வர்ற நேரம். ஓடுங்க ஹாஜி.”

ஓடினேன். மஞ்சள் தலைக்கவசத்தோடு தஸ்ஸாதித் திரையில் வந்தாள். அவ்வளவு உயரத்தில் பயமாக இல்லையா என்று கேட்டார்கள்.

“கிரேன்ல பயமில்ல. எங்கப்பா கார் ஓட்டும்போது பக்கத்துல உக்கார்றதுதான் பயம்.”

பெலாயித்தின் பெண்டாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். பன்னிரண்டு நிமிடம், படம் ஒரு தடவைகூட ஆடவில்லை.

மேலே போனேன். கம்பளத்துச் சிவப்புச் சாயம் ஹொசினின் சட்டை முழுக்க இறங்கியிருந்தது. என்ன பேசினாள் என்று கேட்டான். மறுமுனையைத் தோளில் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கார் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதைப் பெலாயித்தின் பெண்டாட்டியே அவனிடம் சொல்லிவிடுவாள்.