சொன்னபடி கேட்டவளின் பூஜ்யம்

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவள் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் கதை எழுதிப் பிழைக்கிறேன், ஆனால் எப்படிப்பட்ட கதை? எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் நடக்கும் பொதுத்தேர்வில் "கீழ்க்கண்ட பத்தியைப் படித்து விடையளி" என்று வருமே, அந்தப் பத்தி. அணில் தொப்பியைத் தொலைக்கும். முயல் தேடிக் கொடுக்கும். என் கதைகளில் யாரும் பொய் சொல்வதில்லை. பொய் சொன்னால் சரியான விடை எது என்ற குழப்பம் வருமாம்.

2

முதல் வரிக்கு மூன்று முறை முட்டி மோதினேன்.

"அந்தப் பள்ளியின் வராந்தாவில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருந்தது, அதில் சிவப்புக் கோடு…" [வேண்டாம். கொட்டாவி விடுவீர்கள்.]

"கல்வி என்பது ஒரு…" [இதை எழுதிய கையை ஒடிக்க வேண்டும்.]

"தலைமை ஆசிரியர் ஒரு அயோக்கியர்." [பிடித்திருக்கிறது. ஆனால் உண்மையில்லை. பிறகு சொல்கிறேன்.]

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளி எத்தனை மதிப்பெண் வாங்கியது என்று மேலிடம் பார்ப்பதில்லை. எவ்வளவு ஏறியது என்றுதான் பார்க்கிறது. வருடத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, கடைசியில் ஒரு தேர்வு. நடுவில் உள்ள வித்தியாசம்தான் பள்ளியின் மானம். ஏறவில்லையென்றால் நிரந்தரமாகாத டீச்சர்களுக்கு முதலில் கல்தா. ஏற வேண்டுமானால் வருடம் முழுக்க ஒழுங்காகப் பாடம் நடத்த வேண்டும். அல்லது முதல் தேர்வில் நன்றாக விழ வேண்டும். எது சுலபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் எங்காவது வேலை பார்த்திருப்பீர்கள்.

3

தலைமை ஆசிரியருக்கு ஆசிரியர் அறையில் "சதவீதம்" என்று பெயர். முதல் தேர்வுக்கு முந்தின நாள் டீச்சர்களைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாரும் எழுதி வச்சுக்காதீங்க. பசங்ககிட்ட வாயால சொல்லுங்க. கடைசி ரெண்டு பக்கம், தெரிஞ்சாலும் எழுத வேண்டாம்னு."

"எதுக்குன்னு கேட்டா என்ன சார் சொல்றது?" என்றாள் அக்கா.

"எதுக்குன்னு கேக்கற மாதிரி நாம சொல்லிக் குடுத்திருந்தா இப்படிக் கதவ சாத்திட்டு உக்காந்திருப்போமாம்மா?"

(இது அவர் சொன்னபடியே. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.)

அக்கா வகுப்பில் சொன்னாள். மறுநாள் தாள் வந்தது. எப்போதும் ஆறு பக்கம் வரும் மூன்றாம் வகுப்புத் தாள், இந்த முறை ஒரே தாள், முன்னும் பின்னும் சேர்த்து மொத்தமே இரண்டு பக்கம்.*

முப்பத்திரண்டு குழந்தைகளில் முப்பத்தொரு பேர் டீச்சர் சொன்னதை அதற்குள் மறந்துவிட்டார்கள். அணிலுக்கு மீசை வரைந்து, விடையும் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் மறக்கவில்லை. எதற்கும் "சரிங்க டீச்சர்" என்பதால் அவளை எல்லோரும் "சரிங்க" என்றே கூப்பிடுவார்கள். அவள் பக்கங்களை எண்ணினாள். இரண்டுதான் இருந்தன. தன் பெயரை எழுதிவிட்டுக் கை கட்டிக்கொண்டாள். கண்காணிப்புக்கு வந்தவர் வேறு பள்ளி ஆசிரியர். அவருக்கென்ன வந்தது?

* காகிதச் செலவை மிச்சம் பிடிக்கக் கேள்விகளையும் அணில் கதையையும் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தது நான்தான். பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

4

இந்தச் சிறுமியை நான் நம்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் சும்மா உட்காருமா? ஆகவே முதல் வரைவில் அவளை அழவைத்தேன். ஜன்னலில் ஒரு பறவையையும் உட்காரவைத்தேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"டேய், அவ ஏன்டா அழணும்? வெளிய வந்ததும் ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா. 'எல்லாம் தெரிஞ்சுது டீச்சர், ஒண்ணுகூட எழுதல'ன்னு. அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு."

பறவையை விரட்டிவிட்டேன். அழுகையையும் வெட்டிவிட்டேன்.

5

பூஜ்யம். கம்ப்யூட்டர் கடிதம் அடித்து அனுப்பியது: குழந்தைக்குக் கற்கும் திறன் குறைவு, தனி வகுப்பில் சேர்க்கவும், பெற்றோர் கையெழுத்து தேவை. தனி வகுப்பு என்றால் உடைந்த பெஞ்சு போட்டுவைக்கும் அறையில் பாதியைத் தட்டி வைத்து மறைத்தது. அங்கே ஒன்றாம் வகுப்புப் புத்தகம்தான். அங்கே போன எந்தப் பிள்ளையும் பழைய வகுப்புக்குத் திரும்பியதில்லை.

அக்கா சதவீதத்திடம் ஓடினாள். "சார், கிளாஸ்லயே நல்லா படிக்கறவ அவதான். நாம சொன்னதாலதான்…"

"மெதுவாப் பேசுங்கம்மா. பூஜ்யத்துக்குக் கீழ எறங்க முடியுமா? முடியாது. அந்தப் பொண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எங்க உக்காந்தா என்ன? வருஷக் கடைசில தொண்ணூறு வாங்கும். ஒரே ஆளு, தொண்ணூறு ஏத்தம்! வரம்மா அது." பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தார். "முகம் வாடியிருக்கே, சாப்பிடலயா?" பாதியை மூடியில் வைத்து நீட்டினார்.

இதனால்தான் அவரை அயோக்கியர் என்று எழுத முடியவில்லை. அயோக்கியரென்றால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அக்கா உண்மையைச் சொல்கிறாள், வேலை போகிறது. நீங்கள் கைதட்டிவிட்டு உங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள். இன்னொன்றில் மேலதிகாரி திடீரென்று ஜீப்பில் வந்து இறங்கி நியாயம் வழங்குகிறார். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதில் அக்கா வாயை மூடிக்கொண்டு…

[இதை முடிக்கவில்லை. அவள் என் அக்கா.]

7

ஆகவே எனக்குத் தெரிந்தவரை மட்டும். நேற்றுக் காலை பதினொன்றரை மணி. லாண்டரியில் துணி மடிக்கிற சரிங்கவின் அம்மா, ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்திருந்தார். அக்காவும் அங்கே நின்றிருந்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"வீட்ல நல்லாத்தான் சார் படிக்குது. பக்கத்து வீட்டுப் பையனுக்கே இதுதான் கணக்கு சொல்லிக் குடுக்குது."

"வீட்ல படிக்கறது வேற, பரீட்சை வேறம்மா," என்றார் சதவீதம்.

அந்த அம்மா பேனா மூடியைக் கழற்றினார். சதவீதத்தைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். உங்க பேச்சுதான் அதுக்கு வேதவாக்கு. நீங்க போடச் சொன்னா போட்டுடறேன்."

இதற்கு மேல் அக்கா என்னிடம் சொல்லவில்லை. கேட்டால் போனை வைத்துவிடுகிறாள். எனக்கும் இதற்கு மேல் எழுத வரவில்லை. இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து சதவீதத்தைப் பார்த்துச் சிரித்தீர்களே, எழுந்து வாருங்கள், அக்கா நிற்கிற இடத்தில் நில்லுங்கள். அந்த அம்மா இப்போது உங்களைத்தான் பார்க்கிறார். பன்னிரண்டு மணிக்குள் அவர் லாண்டரிக்குத் திரும்ப வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.