கொஞ்சம் டயர்ட்

விபத்து நடந்த மூன்றாம் நாள் காலையில், மேனேஜர் தன் கையெழுத்தில் நிரப்பிய ஒரு தாளைக் கொண்டுவந்து அகராதியின் மேசைமேல் வைத்தார்.

"இதை டைப் பண்ணிடுங்கம்மா. மத்தியானம் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாங்க."

அவளுக்கு அகராதி என்று பேர் வைத்தது யாரென்று அந்தச் சலவை நிலையத்தில் எவருக்கும் நினைவில்லை. மாடி அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம். ஆங்கிலக் கடிதத்தில் ஒரு புள்ளி தவறியிருந்தாலும், எழுதியது மேனேஜரே ஆனாலும், திருத்தாமல் விடமாட்டாள். அதனால்தான் அந்தப் பேர் என்பது ஒரு கட்சி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள், அகராதி பிடித்தவள், அதனால்தான் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் சரிதான்.

அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே வேலைக்கூடம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகள் அங்கே துவைத்து, பிழிந்து, கடைசியில் ரோலருக்கு வரும். ரோலர் என்பது ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும் சுடு உருளைகள். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இருவர் பிடித்து உள்ளே கொடுத்தால், அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அதில்தான் அகராதியின் தங்கை நான்கு வருடமாக நின்றாள். வேலையில் சேர்த்துவிட்டதே அகராதிதான். மூன்று நாளைக்கு முன்னால், விரிப்போடு சேர்ந்து தங்கையின் வலது கையும் உள்ளே போய்விட்டது.

அகராதி தாளை எடுத்துப் படித்தாள். தொழிலாளி ஸ்லீப்பியாக இருந்தார், கவனம் சிதறினார், கை மாட்டிக்கொண்டது, நிர்வாகம் உடனே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. மொத்தமே நாலு வரி. அவளுக்குக் காது மடல் சூடாகியது.

"சார், ஸ்லீப்பின்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"அவ தூங்கி விழல சார். முழிச்சுக்கிட்டுதான் நின்னா."

"கண்ணு சொக்கிச்சுன்னு சூப்பர்வைசர் சொல்றாரே?"

"சூப்பர்வைசர் அப்போ கேன்டீன்ல இருந்தாரு. கத்தல் கேட்டுத்தான் டம்ளரோட ஓடி வந்தாரு. நான் இந்த ஜன்னல்லேருந்து பாத்தேன்."

மேனேஜர் சிரித்தார். கோபம் வந்தால் சிரிக்கிற ஜாதி அவர். "சரி விடுங்க. உங்க தங்கச்சிங்கிறதுக்காக மாத்தறேன். டயர்ட்னு போட்டுக்கங்க. போதுமா?"

"போதாது சார்."

போதாது என்று அவளுக்குத் தெரியும். ஸ்லீப்பி என்றால், வீட்டில் தூங்காமல் வந்தவள் என்று அர்த்தம்; பழி மொத்தமும் தங்கை தலையில். டயர்ட் என்றால் மாடிப்படி ஏறி வந்தவன்கூடச் சொல்லிக்கொள்கிற வார்த்தை. ஒரு வாய் டீ குடித்தால் போய்விடும். எக்ஸாஸ்டட் என்றால் உள்ளே இருந்ததெல்லாம் தீர்ந்து, வழித்தாலும் ஒன்றும் வராத நிலை. ஆனால் ஃபெடீக் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு நாள் தூக்கத்தில் போகாது. நாள்மேல் நாளாக உடம்புக்குள் படிந்துகொண்டே வரும். இரும்புக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்வார்கள்: வளைத்து வளைத்து நிமிர்த்திய கம்பி ஒருநாள் சாதாரண வேலையிலேயே பட்டென்று ஒடியும், அதற்கு. வேலைக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளிலும் அந்த வார்த்தைதான் இருந்தது. ஃபெடீக் உள்ள ஆளை இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குற்றம் நிறுத்தியவருடையது. மேனேஜர் அந்த வார்த்தையைச் சுற்றிக்கொண்டு போவது அதனால்தான்.

"ஃபெடீக்னு போடணும் சார்."

"எந்த வார்த்தையப் போட்டா என்னம்மா? எல்லாமே களைப்புதானே?"

"எல்லாம் ஒண்ணுதான்னா, நான் சொல்றதையே போட்டுக்கங்களேன்."

சிரிப்பு நின்றது. அவர் உள்ளே போய் ஒரு கோப்போடு திரும்பினார். அதிலிருந்து ஒரு கடிதத்தை உருவி, அவள் விசைப்பலகைமேல் போட்டார்.

"படிங்க. உங்க தங்கச்சி லீவு கேட்ட லெட்டர். பன்னெண்டு நாளைக்கு முன்னாடி. டைப் பண்ணது யாரு?"

அகராதிக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய வாக்கியம். கொஞ்சம் டயர்டாக உணர்கிறேன், இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் ஓரத்தில் மேனேஜர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: எல்லோரும் டயர்ட்தான். அனுமதி இல்லை.

"கொஞ்சம் டயர்ட்," என்று அவர் விரலால் தட்டிக் காட்டினார். "அவளே சொல்லியிருக்கா. இன்ஸ்பெக்டர் கேட்டா இதைத்தான் காட்டுவேன்."

அவர் போன பிறகும் அகராதி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை மேனேஜர்மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி அவள் கழுத்தைப் பிடித்தது.

லீவு கேட்ட அன்றைக்கு மத்தியானம் தங்கை மாடிக்கு வந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. நாற்காலியில் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சுவரில் சாய்ந்து நின்றாள். நீராவியில் முகம் வெந்து கிடந்தது. "அக்கா, முடியல. கை என் கையாவே இல்ல. துணியப் பிடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னு கையப் பாத்தாத்தான் தெரியுது. நின்னுக்கிட்டே எங்கேயோ போயிடறேன், ரோலர் சத்தந்தான் திருப்பிக் கூட்டிட்டு வருது. ரெண்டு நாள் லீவு எழுதிக் குடு," என்றாள்.

அகராதி திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரி சரி, போ, எழுதி வைக்கறேன்," என்றாள். எழுதியது அதுதான். கொஞ்சம் டயர்ட்.

வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். ஆறு வருடமாகக் கீழே உள்ள பெண்களுக்கெல்லாம் லீவுக் கடிதம் எழுதித் தருவது அவள்தான். கொஞ்சம் அழுத்தமாக எழுதினால், "என்ன டிராமா இது?" என்று மேனேஜர் கிழித்துப் போடுவார். பணிவாக எழுதினால் பத்தில் நாலு தேறும். அதனால் யார் என்ன சொன்னாலும் அதைச் சுருக்கம் எடுத்து, மடித்து, அவர் கண்ணை உறுத்தாத அளவுக்குச் சின்னதாக்கி மேலே அனுப்புவாள். அதை அவள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தாளை டைப் பண்ணாமல் மேசையிலேயே விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

தங்கை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. கடைசி இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் மடங்குமா என்பது போகப் போகத்தான் தெரியும். அகராதி எதையும் பூசி மெழுகவில்லை. ஸ்லீப்பி, டயர்ட், கோப்பில் இருந்த கடிதம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ என்னன்னு எழுதின?"

"கொஞ்சம் டயர்டா இருக்குன்னு."

"கொஞ்சமா?" தங்கை குரலை உயர்த்தவே இல்லை. "நான் உங்கிட்ட கொஞ்சம்னா சொன்னேன்?"

இல்லை என்று அகராதி தலையசைத்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனா டயர்ட் தெரியும். கடைத்தெரு சுத்திட்டு வந்தா சொல்றது அது. பதினெட்டு நாள் தனியா நின்னேன்க்கா. கூட நின்னவ வேலைய விட்டுப் போனதுலேருந்து ரெண்டு முனையையும் நானே பிடிச்சேன். விடியறப்போ உள்ள போய் இருட்டினப்புறம் வெளிய வந்தேன். நீ மேல கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு 'கொஞ்சம்'னு எழுதியிருக்கே."

"தப்புதான்டி."

"தப்புன்னு எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்கள்ல, இங்க வரச் சொல்லு. நானே சொல்றேன். நீ சும்மா இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லு, அவ்வளவுதான். எதையும் அழகாக்காதே."

அகராதி திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் மேனேஜரின் அறையில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெண்மணி; தமிழ் அவருக்குப் பத்து வார்த்தைகூடத் தேறாது. மேனேஜர் தானே ஒற்றை விரலால் டைப் அடித்த அறிக்கை அவர் கையில் இருந்தது. பக்கத்திலேயே அந்த லீவுக் கடிதம்.

அகராதி கதவைத் தட்டவில்லை. உள்ளே போய் ஆங்கிலத்தில் சொன்னாள்: "மேடம், அந்தக் கடிதத்தில் இருப்பது என் வார்த்தைகள். காயம்பட்டவள் சொன்னது அது இல்லை. அவள் சொன்னதை நான் குறைத்து எழுதினேன். அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நீங்கள் அவளிடமே கேட்கலாம்."

மேனேஜர் எழுந்துவிட்டார். "இவ அவளோட அக்கா மேடம். பாசத்துல பேசறா," என்று ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ஒருமுறை இவரையும் ஒருமுறை அவளையும் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "மூன்று பேரும் போவோம்," என்றார்.

வார்டில் ஒரே ஒரு நாற்காலி. இன்ஸ்பெக்டர் அதில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். "விபத்து நடந்தபோது நீங்கள் டயர்டாக இருந்தீர்களா?" என்று கேட்டார்.

அகராதி தமிழில் கேட்டாள். தங்கை அன்றைக்குச் சுவரில் சாய்ந்து சொன்னதையே மறுபடி சொன்னாள். அதே வார்த்தைகள்.

அகராதி வாயைத் திறந்தாள். காலையில் மேனேஜரிடம் மல்லுக்கு நின்ற ஃபெடீக் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒரே வார்த்தை, சட்டத்தில் உள்ள வார்த்தை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் இந்த முறையும் தங்கை பேசியது கேட்காமலே போய்விடும் என்று பட்டது. அதனால் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். "கை தன் கையாகவே இல்லை என்கிறாள். துணியைப் பிடித்திருக்கிறாளா இல்லையா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது என்கிறாள். நின்ற இடத்திலேயே எங்கேயோ போய்விட்டு வந்தாள் என்கிறாள்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "எத்தனை நாளாக?"

"பதினெட்டு நாள். ஒரு நாள் லீவு இல்லாம," என்றாள் தங்கை. "இன்னொரு ஆளப் போடுங்கன்னு மூணு தடவ கேட்டேன். இஷ்டம்னா நில்லு, கஷ்டம்னா கிளம்புன்னு மேனேஜர் சொன்னாரு."

மேனேஜர் அகராதியின் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தார். "இதைச் சொல்ல வேண்டாம்மா. உங்க வேலையையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

அகராதி இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, தங்கை சொன்னதை முழுசாக ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அதே மூச்சில், "இதை மொழிபெயர்க்க வேண்டாம், உன் வேலையை நினைத்துப் பார் என்று மேனேஜர் இப்போது என்னிடம் சொன்னார்," என்றும் சேர்த்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை மட்டும் அக்காவைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"நான் சொன்னதை அப்படியே சொன்னியா?"

"அப்படியேதான் சொன்னேன்."

"குறைக்கலையே?"

"இல்லடி."

இன்ஸ்பெக்டர் கடைசியாக, "வேலை நேரப் பதிவேடு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். வாரா வாரம் அதை டைப் அடித்து வைப்பதும் அகராதிதான். அன்று சாயங்காலமே எடுத்துக் கொடுத்தாள். பதினெட்டு நாளும் அதில் ரோலருக்கு நேரே ஒரே பேர், காலை ஐந்தரையிலிருந்து இரவு எட்டு வரைக்கும், கட்டம் கட்டமாக இருந்தது. அத்தனை கட்டங்களையும் தன் கையாலேயே அடித்திருந்தும் ஒரு நாளாவது நின்று படிக்காமல் விட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆறு வாரம் கழித்து இன்ஸ்பெக்டரின் அறிக்கை வந்தது. தொழிலாளிமேல் தவறில்லை என்று இருந்தது. ஃபெடீக் என்ற வார்த்தை நாலு இடத்தில் வந்திருந்தது. இரண்டு பேர் இல்லாமல் ரோலரை ஓட்டக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்றும் உத்தரவு. மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனவர், அகராதியின் மேசையை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். அவள் வேலை தப்பியது. அதில் அவளுக்கு ஒன்றும் பெருமை இல்லை.

தங்கைக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கின, நடுவிரல் மடங்கவில்லை. துணிகளை எண்ணி அனுப்பும் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்தார்கள். வீட்டில் இருவரும் ஒரே அறையில்தான் படுத்தார்கள், ஒரே அடுப்பில்தான் சமைத்தார்கள். ஆனால் தங்கை தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டுவிட அகராதி வந்தால் கையைத் தட்டிவிட்டாள். பித்தான் ஒவ்வொன்றோடும் கால்மணி நேரம் போராடி, தானே போட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை புது நோட்டு ஒன்று வாங்கி வந்தாள்.

"என்னடி அது?"

"இங்கிலீஷ் கிளாஸ். வாரத்துல ரெண்டு நாள். பேர் குடுத்துட்டேன்."

"இங்கிலீஷா? அதுக்கு எதுக்கு வெளிய போகணும்? வீட்டுலயே நான் இருக்கேனே, நான் சொல்லித் தர மாட்டேனா?"

தங்கை நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் இடது கையால் தன் பேரைக் கோணல் மாணலாக எழுதிக்கொண்டே சொன்னாள்:

"வேணாம். உங்கிட்டக் கத்துக்கிட்டா எனக்கும் எல்லாத்தையும் சின்னதாத்தான் எழுத வரும்."

நோட்டு நழுவாமல் இருக்க, அகராதி எதிரில் உட்கார்ந்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத் தங்கை அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.