இரண்டாம் பாட்டு

காலையில் எழும்பினேன். ஹீற்றரைப் போட்டேன். முகம் வழித்தேன். பால்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போன இரண்டு போத்தல்களையும் உள்ளே எடுத்தேன். ஒன்று போதும் என்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. பாண் துண்டு ஒன்றை வாட்டினேன். கருகிவிட்டது. சாப்பிட்டேன். ஞாயிறு என்பதால் கிழமைக்கு வேண்டிய சேர்ட்டுகளை அயர்ன் பண்ணினேன். கதவடியில் என் மனைவி கலாவின் கறுப்புச் சப்பாத்துகள் கிடந்தன. ஆடுவதற்கென்று தோல் அடி வைத்து வாங்கியவை. அவற்றைத் தாண்டிப் போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வந்தேன்.

டெலிபோன் அடித்தது. வரதராஜா. கலாவின் அண்ணன். மெல்பேர்ணின் மற்றப் பக்கம், கிளென் வேவர்லியில் இருக்கிறார்.

“மச்சான், பின்னேரம் ஊருக்கு ட்ரங்கோல் புக் பண்ணியிருக்கிறன். அங்கை அம்மா பக்கத்து டொக்டர் வீட்டை வந்து நிப்பா. உன்னோடை கதைக்கவேணுமாம்.”

“என்னத்தை?”

“பிள்ளை கடைசியா என்ன சொன்னவள் எண்டு உன்ர வாயாலை கேக்கவேணுமாம். ‘முருகா’ எண்டு சொன்னவள் எண்டு நான் சொல்லிப்போட்டன். நீயும் அதையே சொல்லு.”

“அப்பிடி ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லியிருப்பாள்தானே.”

“நீங்கள் அங்கை நிண்டனீங்களோ?”

“நீயும்தான் நிக்கேல்லை. அண்டைக்கு ரெண்டு பேரும் என்ர வீட்டு வேலியைத் திருத்திக்கொண்டெல்லோ நிண்டனாங்கள். ஆஸ்பத்திரியிலை முடிஞ்சது எண்டுதான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கு. வெள்ளைக்காரன் ஒருத்தன்ர கையுக்கை நிண்டு ஆடேக்கை எண்டு சொல்லச் சொல்லுறியோ? சனம் என்ன கதைக்கும்?”

ரிசீவரை வைத்துவிட்டேன்.

சனம் என்ன கதைக்கும். அந்த வீட்டில் சோற்றோடு ஊட்டிய வசனம் அது. கலா அதை அண்ணனின் தடித்த குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். பஸ்ஸுக்கு ஓடினால் சொல்லுவாள். என் சேர்ட்டில் குழம்பு பட்டால் சொல்லுவாள். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

முப்பத்தோராம் நாள் சடங்கன்று வரதராஜா வீட்டில் எல்லாரும் அந்த ‘முருகா’வைப் பற்றியே பேசினார்கள். கொடுத்துவைத்தவள் என்றார்கள். வடை சாப்பிட்டுக்கொண்டு சொன்னார்கள். நல்லூர் முருகன் கோயிலுக்குப் போனால் வெளியில் நின்று மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருப்பவள் அவள். அவளுடைய வாயை எடுத்துவிட்டுத் தங்களுடைய வாயை வைத்துவிட்டார்கள். கையிலிருந்த தட்டை யாருடைய முகத்திலாவது எறிந்திருக்கவேண்டும். கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

என்னிடமும் வேறு பதில் இல்லை. அதுதான் கூடுதலாக எரிந்தது. பின்னேரத்துக்குள் எனக்கு அது வேண்டும். அவள் கடைசியாக ஆடிய மண்டபத்துக்குப் போக வெளிக்கிட்டேன்.

மெல்பேர்ணின் மேற்குக் கரையில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால், பின்லாந்துக்காரர் கட்டிய மண்டபம் அது. கலா வேலை செய்த ஆய்வுகூடத்தில் ஐலா என்று ஒரு பின்லாந்துப் பெண். எழுபத்தைந்தில் நாங்கள் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அவள்தான் கலாவை அங்கே கூட்டிப்போனாள். ஞாயிறு மத்தியானங்களில் டாங்கோ, ஜோடியாக ஆடும் ஆட்டம். அக்கோர்டியன், வயலின், அழுகிற மாதிரி ஒரு பாட்டு. கலாவுக்குச் சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இதயத்தின் வால்வு ஒன்று பழுது. மெதுவான ஆட்டம் நடப்பது மாதிரித்தான், ஆடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நானும் சில நாள் போய்க் கோப்பியும் ஏலக்காய்ப் பணிஸுமாக ஓரத்தில் இருந்திருக்கிறேன். ஆண்கள் ஒரு சுவரோடு நிற்பார்கள், பெண்கள் எதிர்ச் சுவரோடு. ஆண் வந்து தலை குனிவான். மறுப்பது மரியாதையில்லை. ஆடும்போது பேச்சில்லை. இரண்டு பாட்டு. அதன்பிறகு அவளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும். இடையில் ஒரு மணி நேரம் மட்டும் பெண்கள் போய் ஆண்களை அழைப்பார்கள். 

“இஞ்சேருங்கோ, செத்தவீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டெல்லோ ஆடுதுகள்,” என்றாள் கலா முதல் நாள். “எங்கடை ஆக்கள்தான். தோல்தான் வேறை.”

நான் போனபோது பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஐலா என்னைக் கண்டதும் எழும்பினாள். நான் அவளிடம் போகவில்லை. அவளுடைய புருஷன் வெய்க்கோ வாசலுக்கு வெளியே சிகரெட்டோடு நின்றார். கலா கடைசியாக ஆடியது அவரோடு.

“அவள் கடைசியாக என்ன சொன்னாள்?” ஆங்கிலத்தில் கேட்டேன். வணக்கம் சொல்லவில்லை.

அவர் சிகரெட்டை அணைத்தார். “பெண்கள் அழைக்கும் நேரம். அவள் வந்து என்னை அழைத்தாள். முதல் பாட்டு முடிந்தபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது.”

“பார்த்தீர்களா?”

“பார்த்தேன்.”

“பார்த்துவிட்டு?”

“கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன்.”

“ஏன் கேட்டீர்கள்? இழுத்துக்கொண்டு போய் இருத்தியிருக்கலாமே!”

“ஒரு பாட்டோடு திருப்பி விட்டால், அந்தப் பெண் ஏதோ பிழை செய்துவிட்டாள் என்று முழு மண்டபமும் நினைக்கும். அதுவும் அவளாக வந்து அழைத்தபோது. எங்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை.”

“செத்தாலும் பரவாயில்லை. மரியாதை கெடக்கூடாது. அப்படித்தானே?”

அவருடைய கோட்டைப் பிடித்துச் சுவரோடு தள்ளினேன். அவருடைய பின்தலை பலகையில் அடிபட்டது. அவர் கையைத் தூக்கவில்லை. உள்ளே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் மரியாதை என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த உலகத்தில் எங்கே போனாலும் ஒரு சுவரோடு சனம் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

“ஆம்,” என்றார். “அப்படித்தான்.”

கையை எடுத்தேன்.

“நான் கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள்,” என்றார். “குரலைத் தடிப்பாக்கி, யாரையோ பகிடி பண்ணுவதுபோல. சொல்லிவிட்டுச் சிரித்தாள். யாரை என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் பாட்டு தொடங்கிவிட்டது. நாங்கள் பேசவில்லை. பாட்டு முடியுமுன் அவளுக்குக் கால் மடிந்தது. தூக்கிக்கொண்டு போய் அவளுடைய கதிரையிலேயே இருத்தினேன். அப்போதே மூச்சு இல்லை.”

அவள் சொன்னதைச் சொன்னார். இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

வரதராஜா வீட்டுக்கு நான் போய்ச் சேரவும் லைன் கிடைக்கவும் சரியாக இருந்தது. அவர் ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு எனக்கு முன்னால் கதிரையில் இருந்தார். சத்தமில்லாமல் உதட்டால் ‘முருகா’ என்று காட்டினார்.

மாமியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. “தம்பி சிறி, அவள் கடைசியா என்ன சொன்னவள்? முருகா எண்டு சொன்னவளாம் எண்டுறான் இவன். கோயிலுக்குள்ளையே வாய் திறக்காதவள். நீ சொல்லு ராசா.”

“ஆஸ்பத்திரியிலை இல்லை, மாமி. டான்ஸ் ஆடிக்கொண்டு நிண்டவள்.”

லைன் இரைந்தது. “ஆரோடை?”

“சிநேகிதியின்ர புருஷனோடை. அவள்தான் போய்க் கூப்பிட்டவள்.”

வரதராஜா எழும்பி ரிசீவரைப் பறிக்க வந்தார். நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேன். கதிரையில் போய் விழுந்தார்.

“சொல்லு தம்பி,” என்றார் மாமி.

கலா ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். வரதராஜாவைப் பார்த்துக்கொண்டு, அவருடைய குரலிலேயே, அவள் சொல்லிக் காட்டுகிற மாதிரியே சொன்னேன்:

“ஒரு பாட்டோடை கொண்டுபோய் விட்டால் சனம் என்ன கதைக்கும்? வாங்கோ, மற்றதையும் ஆடுவம்.”