தொண்டை கட்டும் மாதம்

காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் என் தொலைபேசி அடித்தால், எங்கள் பள்ளியில் யாரோ ஓர் ஆசிரியர் படுத்துவிட்டார் என்று அர்த்தம். பதினேழு வருடமாக இதுதான் என் வேலை. யார் வரவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்வேன், அவருடைய வகுப்புகளுக்கு வேறு ஆளைப் பிடித்துப் போடுவேன். வேறு ஆள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அன்றைக்கு ஃப்ரீ பீரியட் வைத்திருக்கும் இன்னோர் ஆசிரியர் தலையில்தான் கட்ட வேண்டும். நான் தாளும் கையுமாக ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பாதிப் பேருக்குக் கழிப்பறை ஞாபகம் வந்துவிடும். கெய்னர் என்பது என் அம்மா வைத்த பெயர். ஆசிரியர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

ஆசிரியர்களிடம் ஒரு விநோதம் உண்டு. பள்ளி நடக்கும்போது அவர்களுக்கு நோய் வராது, வந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை காலையில் சொல்லி வைத்தாற்போல் காய்ச்சலில் விழுவார்கள். பல் பிடுங்குவது, முட்டிவலி, கண் பரிசோதனை எல்லாமே விடுமுறைக்குத்தான். பிரசவத்தையே ஆகஸ்ட் கோடை விடுமுறைக்குத் திட்டம் போட்டவர்கள் எங்கள் பள்ளியில் இரண்டு பேர். இதைக் கடமை உணர்ச்சி என்று நாங்களே மெச்சிக்கொள்வோம்.

வட இங்கிலாந்தில் நவம்பர் வந்தால் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிடும். யார்க்‌ஷயர் குளிரும் நாளுக்கு ஐந்து வகுப்பும் சேர்ந்தால் எந்தத் தொண்டைதான் தாங்கும்? ஆசிரியர் அறை முழுக்கக் கரகரவென்று பேச்சு. யாரும் அதை நோய் என்று நினைப்பதே இல்லை.

விவியன் ஆக்ராய்டின் தொண்டை மட்டும் அந்த வருடம் செப்டம்பரிலேயே கட்டிக்கொண்டது. அவள் வேதியியல் ஆசிரியை, இருபத்தாறு வருட அனுபவம். எனக்கு அந்தப் பள்ளியில் ஒரே சிநேகிதி. மதியத்தில் ரேடியேட்டர் ஓரத்து மேசையில் நானும் அவளும்தான் உட்காருவோம். பொதுவாக அவள் கத்தவே மாட்டாள். தாழ்ந்த, நிதானமான குரல். பின்வரிசையில் எவனாவது வாலாட்டினால் அவன் பெயரை ஒரு முறை சொல்வாள், அவ்வளவுதான், அடங்கிவிடுவான்.

"ஏன்டி, ராத்திரியெல்லாம் விஸ்கி குடிச்ச லாரி டிரைவர் மாதிரி பேசற?" என்று நான் கிண்டல் செய்தேன்.

"சும்மா இரு. இந்தக் குரலுக்கு ஒன்பதாம் வகுப்பு நடுங்குது. கிடைச்ச வரைக்கும் லாபம்."

நவம்பர் நடுவில் அவள் கணவர் கிளைவ் சண்டை போட்டு அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, அவசரம் என்று குறித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்குத் தேதி கிடைத்தது. அவள் முறையாக என்னிடம் ஒரு வாரம் முன்பே சொன்னாள். நானும் குறித்துக்கொண்டேன்.

அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை, வாந்தி நோய் பள்ளிக்குள் புகுந்தது. விடியும் முன்பே ஏழு பேர் போன் செய்துவிட்டார்கள். எட்டரை மணிக்கு விவியனைத் தாழ்வாரத்தில் மடக்கினேன்.

"விவ், நாளைக்கு உன்னோட அந்த ஆஸ்பத்திரி..."

"பதினொண்ணு பத்துக்கு. ஏன்?"

"ஏழு பேர் படுத்துட்டாங்கடி. நாளைக்கு உன் பதினொண்ணாம் வகுப்புக்கு செய்முறை வேற இருக்கு. அமிலத்தையும் அடுப்பையும் வெச்சுக்கிட்டு ஜியாகிரஃபி வாத்தியாரையா உள்ள விடச் சொல்ற? கிறிஸ்மஸ் லீவுக்குத் தள்ளிக்க முடியுமா பாரேன்."

அவள் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தாள். நான் 'வேண்டாம், நீ போய்ட்டு வா' என்று சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. நான் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தள்ளிக்கலாம். தொண்டைதானே, எங்க ஓடிடப் போகுது" என்றாள்.

"நீ தங்கம்டி."

அப்படித்தான் சொன்னேன். அன்றைக்குத் தாள் முழுவதும் நிரம்பிவிட்டது. சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

கிறிஸ்மஸ் விடுமுறையில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம் கொடுத்தார்கள். அந்த வாரம் மாதிரித் தேர்வு. அவளே யாரிடமும் சொல்லாமல் பிப்ரவரி விடுமுறைக்கு மாற்றிக்கொண்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜனவரி முழுக்க, உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஒலிபெருக்கி ஒன்றை இரவல் வாங்கிக் கழுத்துப்பட்டியில் மாட்டிக்கொண்டு பாடம் நடத்தினாள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நாங்களும்தான் சிரித்தோம்.

அந்த ஜனவரியில்தான் எங்கள் பள்ளி 'ஆசிரியர் நல வாரம்' கொண்டாடியது. நலக் குழுவில் நானும் இருந்தேன், கேக் வெட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. நாற்பத்தெட்டு ஆசிரியர்களுக்கு எட்டு யோகா பாய். கழிப்பறைக் கதவின் உள்பக்கம், மனம் சோர்ந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண். யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைசி நாளன்று, முந்தின பருவம் முழுவதும் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர்களுக்குச் சான்றிதழும் ஒரு பெட்டி சாக்லேட்டும் கொடுத்தோம். விவியனுக்கும் கிடைத்தது. அந்தச் சான்றிதழை அச்சடித்தது நான். சாக்லேட்டை அவள் பிரிக்காமல் என் பக்கம் தள்ளினாள். "முழுங்க முடியலடி, நீ தின்னு" என்றாள். நான் தின்றேன்.

பிப்ரவரி விடுமுறையில் பார்த்தார்கள், புற்றுநோய். மார்ச்சில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனி அவள் கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு விட வேண்டும் என்று கிளைவ் போனில் சொன்னார். பேச்சு இனி இல்லை. நான் போனை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, மறுநாள் அவளுடைய ஐந்து வகுப்புக்கும் ஆள் போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன், ஆனால் போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் போயிருந்தால் குரல் தப்பியிருக்குமா? சாப்பிடும்போதும் தூங்கும்போதும் இதே கேள்விதான். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. அவளைப் பார்க்க மூன்று முறை போனேன். மூன்று முறையும் பள்ளி வம்பையே பேசிவிட்டுத் திரும்பினேன். அவள் சிரிப்பாள், சத்தமே வராது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

நான்காவது முறை கேட்டுவிட்டேன். ஏப்ரல் மாதம், அவள் வீட்டுச் சமையலறை, கிளைவ் வெளியே காரைக் கழுவிக்கொண்டிருந்தார். விவியனிடம் வகுப்பில் பிள்ளைகள் விடையெழுதித் தூக்கிக் காட்டும் சின்ன வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. இப்போது அவள் பேசுவதெல்லாம் அதில்தான்.

"விவ், நவம்பர்லயே நீ போயிருந்தா...?"

அவள் பேனா மூடியைத் திறந்தாள். மெதுவாக எழுதினாள், வகுப்பில் எழுதுவது போலவே குண்டு குண்டாக.

'கதிர்வீச்சு வெச்சே சரி பண்ணியிருக்கலாமாம். குரல் மிஞ்சியிருக்கும்னு சர்ஜன் சொன்னார்.'

"அப்ப நான்தான்..."

'ஆமா' என்று எழுதினாள். அதை அழிக்காமல் எனக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் படித்தேன் என்று தெரியும் வரை பிடித்திருந்தாள். பிறகு அதன் கீழே எழுதினாள். 'ஜனவரில நானே மாத்தினேன். அது என் மேல.'

"என்னை மன்னிச்சுடுடி."

அவள் பலகையைத் துடைத்தாள். 'இப்ப முடியல. ஆனா வராம இருந்துடாத' என்று எழுதினாள்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம், நவம்பரில் போயிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று. அந்தப் பொய்யைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் போனேன்.

அன்றிலிருந்து நான் யாரையும் தேதி மாற்றச் சொன்னதில்லை. எவ்வளவு பேர் வராவிட்டாலும் ஆஸ்பத்திரி என்றால், "போய்ட்டு வா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்திருந்தது. அவளுக்குச் செய்த பாவத்துக்கு இது ஒரு பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் கடைசியில், உடல்நிலை காரணமாக விவியனுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை இடைவேளையில் ஆசிரியர் அறையில் பிரிவு உபசாரம். கழுத்தில் நீலத் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலைமை ஆசிரியர் ஜூலியன் நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் சுற்றறிக்கை மாதிரிதான் பேசுவார். "விவியன், உங்க சேவையை மறக்க மாட்டோம். ஆசிரியர்களோட உடல்நலம்தான் எங்களுக்கு எப்பவும் முதல்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். விவியன் சுவர்ப் பலகைக்குப் போனாள். நன்றி எழுதப் போகிறாள் என்று நினைத்தோம்.

'தொண்டை கட்டியிருக்கறவங்க கை தூக்குங்க' என்று எழுதினாள்.

சிலர் சிரித்தார்கள். "எப்பவும் டீச்சர்தான்" என்று யாரோ சொன்னார்கள். ஆறு கைகள் எழுந்தன.

'மூணு வாரத்துக்கு மேல?'

சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்து கைகள் இறங்கின. ஒன்று மட்டும் பாதியில் நின்றது. பிரெஞ்சு ஆசிரியன் ரோரி, இருபத்தொன்பது வயது, இன்னும் பிள்ளை முகம்.

'எத்தனை?'

"ஒன்பது வாரம்" என்றான். குரல் கரகரத்தது. "டாக்டர்கிட்ட போய்ட்டேன், விவியன். பயப்படாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டார். நேத்துதான் தேதி இருந்துச்சு. ஆகஸ்டுக்கு மாத்திட்டேன்."

அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் சொல்லல!" என்று கத்தினேன். "ரோரி, சொல்லு, நான் உன்னை மாத்தச் சொன்னேனா?"

"இல்ல கெய்னர், நீங்க சொல்லல."

"பின்ன யாரு?"

"யாரும் சொல்லல. உங்ககிட்ட கேக்கவே இல்ல." அவன் கீழே பார்த்துக்கொண்டு பேசினான். "திங்கக்கிழமை சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க தாளை வெச்சுக்கிட்டு நின்னீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தேன். நாலு பேர் வரலைன்னு தெரிஞ்சுது. சரி, இவங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்னு நானே போன் பண்ணி மாத்திட்டேன்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் திட்டவில்லை. எனக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

விவியன் அவன் அருகில் போய், அவன் சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுக் காட்டினாள். அவன் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினான். அப்போது பார்த்து மணி அடித்தது, பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டான். விவியன் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "நான் உங்க கிளாஸைப் பாத்துக்கறேன், ரோரி" என்று ஜூலியன் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

ஆஸ்பத்திரியில் யாரோ எடுத்தார்கள். ரோரி இரண்டு வார்த்தை பேசினான், மூன்றாவது வரவில்லை. இருமினான், மறுபடி முயன்றான், காற்றுத்தான் வந்தது. மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்றார்கள். விவியன் வாயைத் திறந்தாள். பேச முடியாது என்பது அந்த நொடி அவளுக்கு மறந்துவிட்டது போலும். திறந்த வாய் அப்படியே நிற்க, என்னைப் பார்த்தாள்.

நான் போனை வாங்கினேன். பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்றேன், ரோரியின் பெயரும் பிறந்த தேதியும் சொன்னேன், நேற்றுத் தவறியதற்கு ஈடாக உடனே வேறு தேதி வேண்டும் என்றேன்.

"அந்த இடத்தை அப்பவே வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சேம்மா" என்றாள் அந்தப் பெண். பாவம், அன்பாகத்தான் சொன்னாள். "ஆகஸ்டுக்கு முன்னாடி எதுவுமே காலி இல்ல. யாராவது வரலைன்னா கூப்பிடறேன்."

"யாராவது வராமப் போவாங்களா?"

"சில நாள் போவாங்க. சொல்ல முடியாது."

"காத்துக்கிட்டே இருக்கேன். எப்ப வேணாலும் கூப்பிடுங்க, காலைல ஆறரைக்குக்கூட நான் எடுப்பேன்" என்றேன். என் எண்ணைக் கொடுத்தேன், இரண்டு முறை சொன்னேன். ரோரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்க அவனுக்குக் குரல் இல்லை.